ஆற்றங்கரைக் 'காலி இடம்': ஒரு வரைபடம் கற்றுத்தந்த பாடம்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் நீர்க்கோளமும் பேரிடர் மேலாண்மையும் தனித்தனியே வருகின்றன. இரண்டையும் ஒரே செயல்திட்டத்தில் இணைக்க முயன்றேன். எங்கள் பள்ளி தாமிரபரணிக்கு அருகில் இருக்கிறது. ஆற்றை ஒட்டிப் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் பழைய அரிசி ஆலை வளாகம் ஒன்று உண்டு. கரும்பலகையில் எங்கள் பகுதியின் வரைபடத்தை வரைந்து, அந்த வளாகத்தில் 'காலி இடம்' என்று எழுதினேன். "இங்கே நூறு குடும்பங்கள் வாழ ஒரு குடியிருப்பை வடிவமையுங்கள்" என்று சொல்லி வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்தேன்.

மாணவர்கள் உற்சாகமாக வரைந்தார்கள். அடுக்குமாடி வீடுகள், பூங்கா, ஆற்றைப் பார்த்தபடி நடைபாதை என எல்லாம் இருந்தன. ஒரு மாணவி மட்டும் பென்சிலைத் தொடவில்லை. அருகில் சென்று கேட்டேன்.

"அது காலி இடம் இல்ல டீச்சர். எங்க ஆச்சி அங்கதான் மாடு கட்டுவா. ஆத்துல தண்ணி வந்தா மொதல்ல அங்கதான் நிக்கும். அது நெறஞ்ச பிறகுதான் எங்க தெருவுக்கு வரும். அங்க மண்ணடிச்சு மேடாக்கி வீடு கட்டினா, தண்ணி நேரா எங்க வீட்டுக்கு வந்துராதா?"

வகுப்பு அமைதியானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி நகருக்குள் புகுந்தது. அந்த மாணவியின் வீட்டிலும் தண்ணீர் நின்றது. நான் திட்டமிட்ட பாடத்தை அங்கேயே நிறுத்தினேன். கரும்பலகையில் 'காலி இடம்' என்பதை அழித்துவிட்டு, 'இது யாருடைய இடம்?' என்று எழுதினேன்.

வெள்ளக் கோட்டைத் தேடி

மறுநாள் தலைமையாசிரியரின் அனுமதியோடு தெருவுக்குப் போனோம். வீட்டுச் சுவர்களில் வெள்ளம் விட்டுச்சென்ற கறை இன்னும் இருந்தது. கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதுபோல, நீளமான ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, அந்தக் கறையின் மட்டத்தை ஆலையின் வெளிச்சுவர் வரை கொண்டுசென்றோம். தெருவில் இடுப்பளவாக இருந்த கோடு ஆலைச் சுவரில் என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் வந்து நின்றது. ஆலை எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்புக்குத் திரும்பியதும் ஒரு பெரிய தட்டில் ஈரமணலால் ஆறு, கரை, தெரு, ஆலை வளாகம் ஆகியவற்றை அமைத்தோம். ஒரு செம்புத் தண்ணீரை ஆற்றில் ஊற்றினோம். வளாகம் நிறைந்தது, தெரு தப்பியது. அடுத்து வளாகத்தில் ஒரு செங்கல்லை வைத்து, அதே அளவு தண்ணீரை ஊற்றினோம். தெரு மூழ்கியது. மூன்றாவது முறை செங்கல்லை நான்கு பாட்டில் மூடிகள் மேல் உயர்த்தி வைத்தோம். தண்ணீர் அடியில் பரவியது. தெரு பெரும்பாலும் தப்பியது. வெள்ளச் சமவெளி என்ற சொல்லை அதன் பிறகே எழுதிப்போட்டேன்.

மூன்று ஊர்கள், மூன்று கேள்விகள்

கைவிடப்பட்ட நீர்க்கரைகளைப் பிற ஊர்கள் என்ன செய்தன என்பதை அடுத்த இரண்டு பாடவேளைகளில் பார்த்தோம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1962இல் வந்த வெள்ளத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே நகரம், எல்பே ஆற்றங்கரையில் பயன்பாடு குறைந்துபோன பழைய துறைமுகப் பகுதியை, 157 ஹெக்டேர் பரப்பில், ஹாஃபன்சிட்டி என்ற புதிய குடியிருப்பாக மாற்றிவருகிறது. முழுப் பகுதியையும் சுவர் கட்டித் தடுக்காமல், கட்டடங்களையும் சாலைகளையும் கடல்மட்டத்திலிருந்து 8 மீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். கரையோர நடைபாதைகளைத் தாழ்வாகவே விட்டார்கள். வெள்ளம் வந்தால் அவை மூழ்கும். கேள்வி: தண்ணீருக்கு எந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறோம்?

சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் சாக்கடையாக நாறியது. 1977இல் தொடங்கிய தூய்மைப் பணி 1987இல் முடிந்தது. கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அரசின் அடுக்குமாடி வீடுகளும், தெருவோர வியாபாரிகளுக்கு உணவங்காடி நிலையங்களும் ஒதுக்கப்பட்டன. சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. ஆறு சுத்தமானது, அந்தக் கரையை நம்பிப் பிழைத்தவர்களின் வாழ்க்கை வேறிடத்துக்குப் போனது. கேள்வி: கரை அழகானபின் அங்கே இருப்பவர் யார்?

சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. வெள்ளத்திலிருந்து காப்பது ஒரு காரணம். ஆனால் வேலையும் பழைய பள்ளியும் வெகுதொலைவில் நின்றுவிட்டன. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. கேள்வி: வீட்டோடு சேர்த்து வேறு எதையெல்லாம் மாற்றுகிறோம்?

நான்காவது உதாரணத்தை ஒரு மாணவனே சொன்னான். "நம்ம குறுக்குத்துறை முருகன் கோயில் ஆத்துக்குள்ளதான டீச்சர் இருக்கு?" உண்மைதான். வரும் நீரைப் பிளந்து விலக்கும்படி அதன் முகப்பு படகின் முனைபோல் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளம் ஏறும்போது உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வரும் என்று ஏற்றுக்கொண்டு கட்டுவது நமக்குப் புதிதல்ல.

மாதிரி மன்றம்

கடைசிப் பாடவேளையில் மாணவர்கள் வீடற்ற குடும்பம், தெருவாசி, மாடு வளர்ப்பவர், பொறியாளர், மாநகராட்சி அலுவலர் எனப் பாத்திரமேற்றுப் பேசினார்கள். வீடற்ற குடும்பமாகப் பேசிய மாணவன், "எல்லாரும் தண்ணியப் பத்திப் பேசுதீய. வாடகை குடுக்க முடியாதவன் எங்க போவான்?" என்றான். அதையும் தள்ளிவிட முடியவில்லை. ஆலை வளாகத்தில் சாலையை ஒட்டிய மேட்டுப் பகுதியில் மட்டும் தூண்கள்மேல் வீடுகள், ஆற்றுப் பக்கப் பள்ளம் விளையாட்டு மைதானமாகவும் மேய்ச்சலிடமாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு குழு முன்மொழிந்தது. நூறு வீடுகள் நாற்பதாகக் குறைந்தன. அந்த மாணவி அப்போதும் கேட்டாள்: "தூணுக்கு நடுவுல நாளைக்குச் சுவர் வச்சுக் கடை போட்டா?" வாக்கெடுப்பில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நான் முடிவு சொல்லவில்லை.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

இதற்கு ஆறு பாடவேளைகள் போதும். தொடக்கநிலை வகுப்புகளில் மணல் தட்டுச் சோதனையை மட்டும் செய்யலாம். களப்பயணம் ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில், கரைக்கு இறங்காமல், சுவர்கள்வரை மட்டும் இருக்கட்டும். வெள்ளத்தில் வீடு இழந்த குழந்தையை எழுப்பி நிறுத்தி அனுபவம் கேட்க வேண்டாம். அவர்களாகப் பேசும்போது கேட்போம். மதிப்பீட்டில் அழகான வரைபடத்துக்கு மதிப்பெண் தராமல், 'உன் திட்டத்தால் யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு?' என்ற கேள்விக்கான விடைக்குத் தாருங்கள்.

ஆற்றில்லாத ஊரிலும் இதைச் செய்யலாம். எங்கள் புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடத்தின் பெயர் வேய்ந்தான்குளம். உங்கள் ஊரிலும் குளம், ஏரி, ஊருணி என்று முடியும் தெருப்பெயர்கள் இருக்கும். அவற்றைப் பட்டியலிடச் சொல்லிப் பாடத்தைத் தொடங்குங்கள். வரைபடத்தில் எந்த இடத்தையும் 'காலி' என்று குறிக்கும் முன், அங்கே வசிக்கும் மாணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் அதைக் கேட்காமல்தான் சாக்பீஸை எடுத்தேன்.