நீர்மேல் தும்பி

கேள்வி: பழைய ஈயக்குட்டையில் நான் எடுத்த தும்பிப் படங்களில் தண்ணீரின் பளபளப்பே கண்ணைக் கூசச் செய்கிறதே, திருத்த வழியுண்டா?
— வாசகர், புந்தோங்

பதில்: ஈயம் தோண்டிய பள்ளங்களெல்லாம் ஏரிகளாகி, கோரை நுனிதோறும் தும்பிகள் வீற்றிருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில், சூரியப் பிரகாசம் நீரில் பட்டு முற்றிலும் வெளுத்துவிட்ட இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாதாகையால், காமிராவிலேயே ஒளியளவைச் சற்றுக் குறைத்து, ‘ரா’ கோப்பாக எடுத்துக்கொள்வதே உத்தமம். திருத்தும்போது வெளிச்சப் பகுதிகளை முதலில் தணித்து, கூர்மையைப் படம் முழுவதும் பூசாமல் கூட்டுக்கண்ணுக்கும் சிறகு நரம்புகளுக்கும் மாத்திரம் அளியுங்கள். சிறகு நுனியருகே தெரியும் கறுத்த புள்ளியை அழுக்கென்று அழித்துவிடாதீர்கள் (அடியேன் ஒருமுறை அழித்தவன்தான்!), சறுக்கிப் பறக்கையில் சிறகு படபடக்காமல் காக்கும் எடை அது. கோரையடியில் நெளியும் பிரதிபிம்பத்தையும் வெட்டவேண்டாம்.