நியூ ஆர்லியன்ஸில் இரவு இசை: செல்வோருக்குச் சில குறிப்புகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ், ஜாஸ் இசை பிறந்த ஊர். ஆண்டு முழுவதும் இரவுதோறும் அங்கே மேடை இசை உண்டு.

• நிகழ்ச்சி விவரம்: யார், எங்கே, எத்தனை மணிக்கு என்ற அன்றாடப் பட்டியலை உள்ளூர் வானொலியான டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட் (பண்பலை 90.7) வெளியிடுகிறது.

• ஃபிரெஞ்ச்மென் தெரு: பிரெஞ்சு குவார்ட்டரை ஒட்டியது. இசைக்கூடங்கள் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே இரவில் பல குழுக்களைக் கேட்கலாம். அமர்ந்து கேட்க விரும்புவோருக்கு ஸ்னக் ஹார்பர் ஏற்றது. அங்கே டிக்கெட் உண்டு.

• பிரிசர்வேஷன் ஹால்: 1961இல் தொடங்கிய சிறிய அரங்கம். நிகழ்ச்சி ஏறக்குறைய முக்கால் மணி நேரம். எல்லா வயதினருக்கும் அனுமதி உண்டு. மது விற்பனை இல்லை. இசைக்கும்போது படமெடுக்கக் கூடாது. இருக்கைகள் குறைவு என்பதால் முன்பதிவு நல்லது.

• வயதுச் சான்று: மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பல பார்களில் அதற்குக் குறைந்தவர்களுக்கு நுழைவே இல்லை. வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

• சில்லறை: நுழைவுக் கட்டணமில்லாத இடங்களில் கலைஞர்களுக்கு டிப்ஸ் முக்கிய வருமானம். சுற்றிவரும் வாளியில் போட ஒன்று, ஐந்து டாலர் தாள்கள் உதவும்.

• கூட்டக் காலம்: ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் ஜாஸ் விழா நடப்பதால் அறை வாடகை உயரும், டிக்கெட்டுகள் விரைவில் தீரும். அப்போது செல்வோர் இரண்டையும் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.