ஈன்ற நாயின் கால் நடுக்கம்

நாயின் கால் நடுங்குவதற்குக் காரணங்கள் பல உண்டு எனினும், குட்டிகளுக்குப் பால் கொடுத்துவரும் நாயிடம் அந்நடுக்கம் தோன்றினால், இரத்தத்தில் கால்சியம் குறைந்துவிட்டதோ என்பதையே முதலில் ஐயுற வேண்டும். எக்லாம்ப்சியா எனக் கால்நடை மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நோய், பொமரேனியன் போன்ற சிறிய இன நாய்கள் தம் உடலளவுக்கு மிகுதியான குட்டிகளை ஈன்று, பால் சுரப்பு உச்சத்தை எட்டும் முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் வருகிறது. நாய் நிலைகொள்ளாமல் அலைந்து, மூச்சிரைத்து, குட்டிகளைக் கவனியாமல் விடுவதும், அதன் நடை விறைப்பதும் தொடக்கக் குறிகள்.

இந்நிலையில் நாய் வளர்ப்பில் பழகியவர்கள் என்று சொல்லிக்கொள்வோர், குளிரென்றோ ஈன்ற களைப்பென்றோ கூறிச் சாக்கைப் போர்த்தி விடியும்வரை காத்திருக்கச் சொல்வது வழக்கமாக இருக்கிறது. இந்நோயில் நேரும் தவறுகளுள் இதைவிடக் கொடியது வேறில்லை. நரம்புகளை அடக்கிவைப்பது கால்சியம். அது குறையும்போது நரம்புகள் தூண்டுதலின்றியே கிளர்ந்து தசைகளை ஓயாது சுருங்கச் செய்வதால், இயல்பாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் உடல்வெப்பம் 41-ஐயும் கடந்துவிடுகிறது. போர்வை அவ்வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்க, மூளை வீங்கி, வலிப்பு கண்டு, சில மணி நேரத்திலேயே உயிர் பிரியக்கூடும். போர்த்தச் சொன்னவர்கள் மறுநாள் காலை மருத்துவமனை வாயிலில் உடன் நிற்பதில்லை.

மாட்டில் கண்ட குறிகளையே நாயிடமும் எதிர்பார்க்கும் மாடு வளர்ப்போரின் யோசனையும் இங்கே வழிதவறச் செய்கிறது. கறவை மாட்டின் பால் சுரமும் கால்சியக் குறைவால் வருவதே. ஆனால் மாடு தளர்ந்து, உடல் குளிர்ந்து படுத்துவிட, நாயோ விறைத்துக் கொதிக்கிறது.

மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட்டைச் சிரை வழியாக, இதயத் துடிப்பைக் கவனித்தபடி மிக மெதுவாகச் செலுத்துவார். வேகமாகச் செலுத்தினால் இதயமே நின்றுவிடக்கூடும் என்பதால், இதை வீட்டில் எவரும் முயலக் கூடாது. நடுங்கும் நாயின் வாயில் மருந்தோ பாலோ ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். தேறிய பின் ஒரு நாளாவது குட்டிகளைப் பிரித்துப் புட்டிப்பால் ஊட்ட வேண்டும். இதைப் பாவம் என்பவர்கள், தாய் இறந்தால் அக்குட்டிகளின் கதி என்னவென்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சினைக்காலத்தில் கால்சியம் டானிக் கொடுக்கச் சொல்லும் குட்டி வியாபாரிகளின் அறிவுரையும் தள்ளத்தக்கதே. எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும் பாராதைராய்டு சுரப்பி, வெளியிலிருந்து வரும் மிகையால் மந்தமடைந்து, பால் சுரக்கும் வேளையில் கைவிட்டுவிடுகிறது.

ஏனைய நடுக்கங்களுள், ஓடிக் களைத்த நாயின் நடுக்கம் ஓய்வில் அடங்கும். மூட்டு தேய்ந்த கிழநாயின் பின்னங்கால் நடுக்கத்திற்கு ஓரிரு நாளில் மருத்துவரைப் பார்த்தால் போதும். உறக்கத்திலும் ஓயாமல் ஒரே தாளத்தில் துடிக்கும் கால், டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். உண்ணி மருந்தை நக்கியபின் வரும் நடுக்கமோ நஞ்சின் விளைவு, அதற்கும் உடனடிச் சிகிச்சை வேண்டும்.

சினை நாய் வைத்திருப்போர், இரவில் கால்நடை மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது என்பதை அது ஈனுவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.