ஒரே கூரையின்கீழ் நான்கு குடும்பங்கள்

இரண்டாம் உலகப் போரில் பினாங்கு பட்ட பாட்டை நாம் வரலாற்றுப் பாடத்தில் ஓரிரு வரிகளில் படித்திருப்போம். 1941 டிசம்பர் 11, வியாழக்கிழமை, ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசின. வீதியில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தவர்கள் பலர் அங்கேயே மாண்டனர். உயிர் தப்பியோரில் பலர் மூட்டை முடிச்சுகளோடு ஆயர் ஈத்தாம் பக்கம் ஓடி, கொடிமலை அடிவாரத்தில் அடைக்கலம் புகுந்தனர். சில நாள்களில் பிரிட்டிஷ் படையினர் தீவைக் கைவிட்டுச் சென்றனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த அவர்களின் கொடியை இறக்கியவர், 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் சரவணமுத்து. 19-ஆம் தேதி ஜப்பானியர் வந்திறங்கினர்.

இவையெல்லாம் நூல்களில் உண்டு. ஒரு வீட்டுக்குள் நான்கு குடும்பங்கள் எப்படிக் காலம் தள்ளின என்பதற்கோ வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் கொள்ளுப்பாட்டியின் அத்தாப்பு வீட்டில் இருந்தது ஒரே அடுப்பு, ஒரே கிணறு, ஒரே கழிவறை. தம் தாயார் சொல்லக் கேட்டதைப் பாட்டி இப்படிச் சொல்வார்: "மொத ரெண்டு நாளு, வாங்க, சாப்பிடுங்கன்னு நல்லாத்தான் இருந்திச்சி. அரிசி டின்னு பாதியானதும் பேச்சு கொறஞ்சிருச்சி." குழந்தை அழுதால் ஒரு முணுமுணுப்பு, விறகு தீர்ந்தால் ஒரு பார்வை. வந்தவர்களில் ஓர் அம்மாள் ஒன்றும் சொல்லாமல் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டித் தனியாக உலை வைத்தாராம். வீட்டுக்காரருக்கு அதுதான் பெரிய அவமானம்!

இதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமில், ஆன் பிராங்க் உள்ளிட்ட எட்டு யூதர்கள் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்டு வரை ஒளிந்திருந்தனர். கீழே ஆள்கள் வேலை செய்யும் நேரத்தில் கழிவறையில் தண்ணீர்கூட ஊற்ற முடியாது. ஆனுக்கும் அவளது அறையைப் பகிர்ந்த பல் மருத்துவருக்கும் ஒரு சிறு மேசைக்காகத் தகராறு. வாரத்தில் இரு பிற்பகல், ஒன்றரை மணி நேரம்தான் அவள் கேட்டாள். தந்தை தலையிட்ட பிறகே கிடைத்தது.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு என்பது என் கருத்து. மேசைச் சண்டையை நேரத்தைப் பங்கிட்டுத் தீர்க்கலாம். ஆயர் ஈத்தாமில் ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் அண்டி வந்தவர். வந்தவர் உரிமை கேட்க முடியாது. வீட்டுக்காரர் 'போதும்' என்று சொல்ல முடியாது. அதனால் சண்டை வாய்விட்டு நடக்கவேயில்லை. குண்டின்மேல் காட்ட முடியாத கோபம் தண்ணீரைச் சிந்திய பிள்ளையின் முதுகில் விழுந்தது.

பாட்டி இதைச் சண்டை என்று சொல்லமாட்டார், 'மனத்தாங்கல்' என்பார். போருக்குப் பிறகும் அந்த அம்மாள் வீட்டுக் கல்யாணங்களுக்கு எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வந்ததாம். அந்தச் சில நாள்களைப் பற்றி மட்டும் இரு வீட்டாரும் பேசிக்கொண்டதில்லை.