சமூக நலப் பணியில் அரசாங்கமும் தொண்டர்களும்

ஆதரவற்றோருக்கு உதவுவது அரசாங்கத்தின் கடமையா, தொண்டு நிறுவனங்களின் கடமையா என்ற வினா நம் நாட்டில் நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. இருவருக்கும் உரியதே என்று எளிதில் விடை கூறிவிடலாம். ஆனால், எப்பகுதி எவருடையது என்று ஆராய்ந்தால்தான் உண்மை விளங்கும்.

1953-ஆம் ஆண்டு, துர்காபாய் தேஷ்முக் அவர்களைத் தலைவராகக் கொண்டு மத்திய சமூக நல வாரியம் நிறுவப்பட்டது. அரசாங்கம் மான்யம் வழங்கும். தொண்டு நிறுவனங்கள் பணியை நடத்தும். இதுவே அன்று வகுக்கப்பட்ட முறை.

நாம் வாழும் மும்பையிலேயே மற்றொரு சான்று உண்டு. தெருவிலும் ரயில் நிலையங்களிலும் திக்கற்றுத் திரியும் சிறுவர்களுக்காக 1996-இல் டாடா சமூக அறிவியல் கழகத்தார் 1098 என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கினர். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தொண்டர்கள் குழந்தையைத் தேடி வருவார்கள். முயற்சி பலித்தது. மத்திய அரசாங்கம் பொருளுதவி செய்து அதனை நாடெங்கும் பரப்பியது. 2023-இல் நடத்தும் பொறுப்பும் அரசாங்கத்திடமே வந்து சேர்ந்தது.

விஞ்ஞான மாணவனாகிய எனக்கு இது ஆய்வுக்கூடத்தையும் தொழிற்சாலையையும் நினைவூட்டுகிறது. தொண்டு நிறுவனம் சிறிய அளவில் துணிந்து சோதித்துப் பார்க்கலாம். தவறினாலும் நஷ்டம் சிறிது. சோதனையில் தேறியதை நாடு முழுவதும் நிலைநிறுத்தும் வலிமை அரசாங்கத்துக்கே உண்டு.

அப்படியானால், அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பின் தொண்டருக்கு வேலை இல்லையா?

சென்ற ஆண்டு தாதர் ரயில் நிலையத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனைச் சுற்றிச் சிலர் நின்றிருந்தனர். யாரோ 1098-ஐ அழைத்திருக்க, அலுவலரும் வந்துவிட்டார். இந்தியிலும் மராத்தியிலும் அன்பாகவே கேட்டுப் பார்த்தார். சிறுவன் வாய் திறக்கவில்லை. அவன் கைப்பையில் தமிழ் எழுத்துக்களைக் கண்ட நான் அருகில் சென்று, "சாப்பிட்டியா தம்பி?" என்றேன். உடனே விம்மி அழத் தொடங்கினான். சற்று நேரத்தில் ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் வெளிவந்தன.

அத்தகைய குழந்தையை 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் சட்டம். அவன் எங்கே தங்குவது, யாரிடம் சேர்ப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் மாநில அரசாங்கம் அமைத்த அக்குழுவுக்கே உரியது. அதுவே முறை. வழியில் கண்ட எவரும் ஒரு குழந்தையைத் தம் விருப்பப்படி அழைத்துச் செல்லலாம் என்றிருந்தால் விளைவு என்னாகும்? ஆனால், அவனைப் பேச வைத்த மொழி அன்று தற்செயலாகவே அங்கு வந்து சேர்ந்தது.

அதைத் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது. நம் சங்கத்தில் பத்து மாணவர்கள் முன்வந்தால் போதும். அவர்கள் பெயர்களை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்து வைப்போம். தமிழ்ச் சிறுவன் எவனேனும் வந்து சேரும்போது நம்மை அழைக்கட்டும். நண்பர்களே, முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.