தேடுபொறியின் நடுநிலை: ஓர் ஆய்வு

அகராதியைப் புரட்டும் மாணவர் எழுத்து வரிசையை நம்புகிறார். அகரத்திற்குப் பின் ஆகாரம் வருவதில் எவருடைய விருப்பு வெறுப்பும் இல்லை. நூலக அட்டவணைக்கும் அத்தகைய வெளிப்படையான ஒழுங்கு உண்டு. இணையத் தேடுபொறியின் பட்டியல் எவ்வொழுங்கில் அமைகிறது என்பதையோ தேடுபவர் அறியார். எது முதலில் வரவேண்டும், எது நாற்பதாவதாக வரவேண்டும் என்பதை நிறுவனம் ஒன்று தன் கணக்கீட்டு முறையால் முடிவு செய்கிறது. அம்முறையின் நுட்பங்கள் வணிக மறைபொருளாகக் காக்கப்படுகின்றன. தேடுபொறி ஒருபாற் கோடுகிறதோ என்னும் ஐயம் பிறப்பது இவ்விடத்தில்தான். ஆய்வேட்டின் முதல் இயலில் ‘இப்பொருள் குறித்து இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை’ என்று மாணவர் எழுதும் வரி பெரும்பாலும் இப்பட்டியலின் முதற்பக்கத்தை நம்பியே எழுதப்படுவதால், இது தமிழ்த்துறையும் கருத வேண்டிய பொருளாகிறது.

இவ்வையத்தை முதலில் எழுப்பியவர்களுள் கூகுளைத் தோற்றுவித்தவர்களும் உண்டு என்பது வியப்பிற்குரியது. செர்கே பிரின், லாரன்ஸ் பேஜ் ஆகிய இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாக 1998இல் வெளியிட்ட கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருவாயை நம்பிய தேடுபொறி இயல்பாகவே விளம்பரம் தருவோர் பக்கம் சாயும் என்று குறித்துள்ளனர். பின்னர் அவர்களுடைய நிறுவனமே விளம்பர வருவாயால் தழைத்தது.

எனினும் ஐயம் வேறு, சான்று வேறு. சான்று கிடைத்த வழக்குகளை முதற்கண் காண்போம். பிரித்தானியாவில் ராஃப் தம்பதியர் 2006இல் தொடங்கிய ‘ஃபவுண்டம்’ என்னும் விலை ஒப்பீட்டுத் தளம் கூகுள் பட்டியலில் கீழே தள்ளப்பட்டது. அவர்கள் 2009இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டனர். ஆணையம் 2017 ஜூனில் 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. கூகுள் தன் ஒப்பீட்டுச் சேவையை உச்சியில் வைத்துக்கொண்டு, போட்டியாளரைக் கணக்கீட்டு முறையால் கீழிறக்கியது என்பது அதன் முடிவு. போட்டியாளருள் மிக உயர்ந்த இடம் பெற்றவரும் சராசரியாக நான்காம் பக்கத்திலேயே தோன்றினார். முதற்பக்கத்தின் பத்து முடிவுகளோ ஏறத்தாழ 95 விழுக்காட்டுச் சொடுக்குகளைப் பெற்றன. நான்காம் பக்கத்தில் இருப்பது இல்லாமைக்கு நிகர் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. கூகுளின் இறுதி மேல்முறையீடு 2024 செப்டம்பரில் தள்ளுபடியாயிற்று.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு எழுந்தது. ‘பாரத் மேட்ரிமோனி’ தளத்தை நடத்திய சென்னை நிறுவனமான கான்சிம் இன்ஃபோவும், ‘கட்ஸ்’ என்னும் நுகர்வோர் அமைப்பும் தொடுத்த முறையீடுகள் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் பதிவாயின. ஆணையம் 2018 பிப்ரவரி 8 அன்று 135.86 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வானூர்திப் பயணத் தேடலில் கூகுள் தன் சொந்தப் பகுதிக்கு முதன்மை தந்தமை குற்றமெனக் கொள்ளப்பட்டது. விளம்பரச் சொற்கள் பற்றிய குற்றச்சாட்டோ ஏற்கப்படவில்லை. உறுப்பினர் இருவர் பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டனர். அறிஞரும் கருத்து வேறுபடும் பொருள் இது என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

வணிகச் சார்பு மெய்ப்பிக்கப்பட்டது போல் அரசியற் சார்பு மெய்ப்பிக்கப்படவில்லை. 2014 மக்களவைத் தேர்தலின்போது இன்னும் முடிவெடுக்காத இந்திய வாக்காளர் ஈராயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் ராபர்ட் எப்ஸ்டைன் குழுவினர் சோதனை நடத்தி, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். வேண்டுமென்றே ஒருவர் பக்கம் சாய்த்து அடுக்கிய முடிவுகள் வாக்காளர் மனத்தை மாற்றக்கூடும் என்பது அதன் சாரம். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது தாமே அமைத்த போலித் தேடுபொறியை. அடுக்கினால் மாற்றலாம் என்பதற்கு அது சான்றாகும். அடுக்கினார்கள் என்பதற்கு ஆகாது. இவ்விரண்டையும் குழப்புவோர் பலர்.

இனி மாற்றுக் கருவிகள். 2008இல் தோன்றிய ‘டக்டக்கோ’ பலரால் பரிந்துரைக்கப்படுகிறது. தேடுபவரைப் பின்தொடர்வதில்லை என்பது அதன் உறுதிமொழி. ஆயின் அந்தரங்கம் காத்தல் ஒன்று, அடுக்கும் முறையில் நடுநிலை மற்றொன்று. அதன் முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் ‘பிங்’ கிடங்கிலிருந்து வருவன. ‘ஸ்டார்ட்பேஜ்’ கூகுளின் முடிவுகளைப் பெற்றுத் தருகிறது. கடை வேறு, கிடங்கு ஒன்று. 2021இல் வந்த ‘பிரேவ்’ தேடலும் இங்கிலாந்தின் ‘மோஜீக்’கும் சொந்தக் கிடங்கு உடையவை, ஆயினும் நான் தேடிப் பார்த்த அளவில் தமிழ்ப் பக்கங்கள் அவற்றில் குறைவே. மேலும், உருசியப் பொய்ப் பரப்புரையோடு தொடர்புடைய தளங்களைக் கீழிறக்கப் போவதாக 2022 மார்ச்சில் டக்டக்கோ அறிவித்தபோது, கலப்பற்ற நடுநிலையை நாடி அங்குச் சென்றோர் சினந்தனர். அடுக்குதல் என்றாலே ஒருவகை மதிப்பீடுதான். அதிலிருந்து தப்பிய கருவி இல்லை.

எனவே கிடங்கு வேறான இரண்டு கருவிகளில் ஒரே வினாவை இட்டு ஒப்பிடுவது பயனுடையது. அதனினும் பயனுடையது, தேடுபொறியைக் கடந்து மூலக் களஞ்சியங்களுக்கு நேரே செல்வது. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, பழம்பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், இலக்கிய மூலங்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் திட்டம் ஆகியவை உள்ளன.

முனாஜாத்துப் பாடல்களை ஆய்ந்த மாணவி ஒருவர், மேற்சொன்ன வரியோடு தம் முதல் இயலைக் கொணர்ந்தார். ‘முனாஜாத்து’ என்ற வடிவத்தை மட்டும் ஒரே தேடுபொறியில் இட்டிருந்தார். ‘முனாஜாத்’ என்று மாற்றி, ஷோத்கங்காவிலும் மின்னூலகத்திலும் தேடியபோது தொடர்புடையவை சில கிட்டின. இது எவருடைய சூழ்ச்சியும் அன்று; எழுத்து வேறுபாடு செய்த மறைப்பு. படமாக மட்டும் வருடப்பட்ட பழநூலின் உட்பக்கச் சொற்களும் இவ்வாறே தேடலில் அகப்படுவதில்லை. நம் ஊர்ப் பெரியோர் இல்லங்களில் பேணப்படும் பதிப்புகளோ எந்தக் கிடங்கிலும் ஏறாதவை. அம்மாணவி விடுமுறையில் தம் பாட்டனாரின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். வந்தபின் அவ்வரியை அடித்துவிட்டு, எங்கெங்கே, எந்தெந்தச் சொல்வடிவங்களால் தேடினார் என்பதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதித் தந்தார்.