சீனி வருத்தமும் நாம் சுவாசிக்கும் காற்றும்

எம்மவர் வீடுகளில் யாருக்காவது சீனி வருத்தம் என்று வைத்தியர் சொல்லிவிட்டால் அன்றிரவே குசினியில் விசாரணை தொடங்கிவிடும். சோற்றைக் குறைக்கவில்லை, தேநீருக்கு மூன்று கரண்டி சீனி, கோயிலில் இரண்டு தரம் சர்க்கரைப் பொங்கல் என்று குற்றப்பட்டியல் நீளும். அவற்றில் உண்மை உண்டு. உணவு, உடலுழைப்பு, பரம்பரை ஆகியவையே பெரிய காரணங்கள். ஆனால் நோயாளியின் கையில் இல்லாத இன்னொரு காரணமும் இப்பொழுது கணக்கில் சேர்ந்துள்ளது. அது காற்று.

2010ஆம் ஆண்டு தொடக்கம் சென்னையிலும் டில்லியிலும் 12,000 பேருக்கு மேல் தெரிவுசெய்து, பல வருடங்களாக அவர்களின் குருதியில் சீனியின் அளவைச் சோதித்து வந்தார்கள். சென்னைப் பகுதியில் டாக்டர் வி. மோகன் அவர்களின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் பங்குகொண்டது. ஒவ்வொருவரும் வசிக்கும் இடத்துக் காற்றில் எவ்வளவு நுண்துகள் இருந்தது என்பதையும் கணித்து, இரண்டையும் பொருத்திப் பார்த்த முடிவுகள் 2023இல் வெளிவந்தன. வருடச் சராசரியில் ஒரு கன மீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் துகள் கூடினால், புதிதாக நீரிழிவு வரும் வாய்ப்பு 22 வீதம் கூடுகிறது. ஆய்வுக் காலத்தில் சென்னையின் சராசரி 30 முதல் 40 வரை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதித்த எல்லையோ 5.

என் தொழில் கணக்கு என்பதால் இந்த 22 வீதத்தைப் பற்றி ஒரு சொல். நூறு பேரில் 22 பேருக்கு வருத்தம் வரும் என்பது இதன் பொருளன்று. உதாரணமாக, நூறு பேரில் பத்துப் பேருக்கு வரக்கூடிய இடத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு வரும் என்பதே பொருள். அதே ஆய்வில் மாதச் சராசரி 10 மைக்கிரோகிராம் கூடியபோது வெறுவயிற்றுச் சீனி 0.40 மில்லிகிராமே உயர்ந்தது. கனடாவில் நாம் பாவிக்கும் அளவில் அது 0.02 மில்லிமோல். வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் தெரியவே தெரியாது. ஆனால் ஒரு நகரம் முழுவதும், வருடக்கணக்காக என்று பெருக்கிப் பார்த்தால் அது சிறு தொகையல்ல.

சுவாசப்பைக்குள் போகும் தூசுக்கும் குருதியிலுள்ள சீனிக்கும் என்ன தொடர்பு? பள்ளிக்கூடத்தில் அனுசேபம் என்று படித்தது நினைவிருக்கும். உண்ட உணவை உடல் சக்தியாக மாற்றும், சேமிக்கும் முழு அலுவலுக்கும் அதுவே பெயர். அதில் முக்கிய பங்கு சதையி சுரக்கும் இன்சுலினுக்கு. தசையும் கொழுப்பிழையமும் குளுக்கோசை உள்ளெடுப்பதும், ஈரல் தன் கையிருப்பை வெளிவிடாமல் இருப்பதும் அதன் கட்டளையால்தான். 2.5 மைக்கிரோனுக்குக் குறைந்த துகள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்கமாட்டா. அது சுவாசப்பையின் சிற்றறை வரை போய்விடும். அங்கே உடலின் காவற் கலங்கள் அதனோடு போராடும்போது அழற்சிப் பொருட்கள் சுரந்து குருதியில் கலக்கின்றன. அவை ஈரலையும் கொழுப்பிழையத்தையும் அடைந்ததும் இன்சுலினின் கட்டளை மந்தமாகிறது. சதையி மேலும் மேலும் சுரந்து களைக்கிறது. 2009இல் ஒஹாயோவில் கொழுப்புணவு கொடுத்த எலிகளை 24 வாரம் இத்தகைய காற்றில் வைத்துப் பார்த்தபோது இதே விளைவுகள் கண்டறியப்பட்டன. மனிதரில் இந்தத் தொடர்பைப் பிரித்தறிவது கடினம், ஏனெனில் புகை கூடிய இடத்தில் வறுமையும் கூட இருக்கும்.

சென்னை எங்கே, மொன்றியல் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எமது நகரின் வருடச் சராசரி பத்துக்கும் குறைவு. ஆயினும் பக்கத்து ஒன்ராறியோ மாகாணத்தில் 62,000 பேரை வைத்து 2013இல் வெளியான ஆய்வு, இந்நாட்டுக் காற்றிலும் 10 மைக்கிரோகிராமுக்கு 11 வீதம் என்று கண்டது. தென்னாசியரான எமக்கோ மெலிந்த உடம்பிலும் இந்த வருத்தம் வருகிறது. அத்துடன் நம்மவர் பலர் முதலில் குடியேறிய இடங்களைப் பாருங்கள். பார்க் எக்ஸ்ரென்சனின் வடக்கெல்லை நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலை. கோட் டே நேஜின் பக்கத்தில் டெக்காரி. வாடகை குறைந்த இடத்துக்குத்தான் அகதியாக வந்தவன் போவான். அத்தகைய சாலையிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளினாலே வாகனப் புகை வெகுவாகக் குறையும். வீடு மாறும் எண்ணமுள்ளவர்கள் இதையும் பாருங்கள்.

குளிர்காலத்தில் விறகுப் புகை சேர்கிறது. 1998 சனவரி உறைமழையில் மின்சாரம் இல்லாமல் வாடிய பின் பலர் விறகடுப்பு வைத்தார்கள். 2018 ஒக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் வெளிவிடும் அடுப்புகளை மூட்டுவதை நகரசபை தடைசெய்துள்ளது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் மின்தடை என்றால் விலக்கு உண்டு. கோடையில் காட்டுத்தீ. 2023 யூன் 25 ஞாயிற்றுக்கிழமை, உலகப் பெருநகரங்களின் பட்டியலில் மொன்றியலின் காற்றே மிக மோசமானதாக இருந்தது. வெளிப்புற நீச்சல் தடாகங்களையும் மூடிவிட்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை வீட்டுக்குள்தான் அதிகம். மிளகாய் வறுப்பது, மீன் பொரிப்பது எல்லாம் நுண்துகளைக் கிளப்பும். அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது சுற்றிச் சுற்றிக் குசினிக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். பழைய அப்பார்ட்மென்ட்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அப்படியானால் பொரிக்கும்போது யன்னலைச் சிறிது திறவுங்கள். சாம்பிராணிக்கும் இதே விதி. காட்டுத்தீப் புகை வந்த நாளில் மாத்திரம் யன்னலைச் சாத்தி, வசதியிருந்தால் ஹெபா வடி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானைப் படுக்கையறையில் போடலாம்.

புகையைக் காரணம் காட்டி வயோதிபர்கள் நடையை நிறுத்தவேண்டாம். நகரசபையின் காற்றுத்தர அறிவித்தலில் "மோவே" என்று வரும் நாட்களில் கடைத்தொகுதிக்குள் நடவுங்கள். மற்ற நாட்களில் நெடுஞ்சாலையோரத்தை விட்டு உள்வீதியால் போங்கள்.